ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

ஆசிரியர் கல்வியிலும் கல்வி உளவியலிலும் பேராசிரியர் பணியை நோக்கிப் போகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டோம். பதில் எழுதியவர்கள் இந்தத் துறையிலேயே பாடம் நடத்துபவர்கள், ஆய்வுக்கு வழிகாட்டுபவர்கள்.

பள்ளியில் எட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். ஆசிரியர் கல்வித் துறைக்கு மாற ஆசை. முனைவர் பட்டத்தைக் கல்வியியலில் செய்வதா, உளவியலில் செய்வதா? என் பள்ளி அனுபவத்தை அங்கே யாராவது மதிப்பார்களா?

பட்டத்தின் பெயரை யோசிப்பதற்கு முன்னால், எந்த வகுப்பில் நிற்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். இந்தத் துறைக்கு இரண்டு வாசல்கள். ஒன்று, பாடம் கற்பிக்கும் முறை: கணக்கை எப்படிச் சொல்லித் தருவது என்பதை வருங்கால ஆசிரியர்களுக்குக் கற்பிப்பது. இன்னொன்று, அடிப்படைத் தாள்கள்: கற்றல், ஊக்கம், வளர்ச்சி, மதிப்பீடு. முதல் வாசலில் பள்ளியில் நின்று பழகாதவர் திணறுவார். இரண்டாவதில் புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும் கைவராதவர் திணறுவார். உங்களுக்கு முதல் வாசல் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. கல்வியியலில் சேருங்கள், தலைப்பைக் கணக்குக் கற்றலின் உளவியலில் வையுங்கள். புள்ளியியல் தாளை மட்டும் உளவியல் துறைக்குப் போய்ப் படிக்க முடிந்தால் படித்துவிடுங்கள்.

அனுபவத்தை மதிப்பார்களா என்றால், வருடங்களை யாரும் எண்ணப் போவதில்லை. அந்த வருடங்களில் பிள்ளைகளின் தவறுகளில் என்ன பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு சின்ன உதாரணம். 0.45, 0.6 இவற்றில் எது பெரியது என்று கேட்டால் சில பிள்ளைகள் 0.45 என்பார்கள். 45 ஆறைவிடப் பெரியது அல்லவா என்பது அவர்கள் நியாயம். அதனால் பயிற்சி ஆசிரியர் இந்தக் கணக்கைக் கொடுத்து, 0.6 என்று சொன்னவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது என்று எழுதிவிடுவார். ஆனால் அதே வகுப்பில் வேறு சிலர் இருப்பார்கள். பத்தில் ஒரு பங்கு பெரியது, நூறில் ஒரு பங்கு சிறியது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் நீண்டால் எண் சிறியது என்று அவர்களாகவே ஒரு விதி செய்து வைத்திருப்பார்கள். அவர்களும் 0.6 என்றுதான் சொல்வார்கள், தவறான காரணத்துக்காக. 0.45, 0.3 என்ற இரண்டாவது ஜோடியைக் கொடுத்தால்தான் அவர்கள் அகப்படுவார்கள், 0.3 பெரியது என்பார்கள். இரண்டு ஜோடியும் சேர்ந்தால்தான் அது சோதனை. எந்தக் கணக்கு எந்தப் பிழையை வெளிக்கொண்டுவரும் என்ற இந்த அறிவு வெறும் கணித அறிவும் அல்ல, பொதுவான கற்பித்தல் அறிவும் அல்ல. 1986-ல் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் இதற்குப் பாடம்சார் கற்பித்தல் அறிவு என்று தனிப்பெயர் கொடுத்து ஆய்வுப் பொருளாக்கினார். எட்டு வருடத்தில் இப்படி முப்பது பிழைகளைக் குறித்து வைத்திருந்தால் உங்கள் ஆய்வின் முதல் அத்தியாயம் கையில் இருக்கிறது.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைப் பார்க்காதீர்கள். அவரிடம் கடைசியாக முடித்த மூன்று பேரைத் தேடிப் பேசுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திருத்தி வந்தது, கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வந்தது. இந்த மூன்று பதிலும் போதும்.

எங்கள் கல்லூரியில் நுண்கற்பித்தல் (ஒரு திறனை மட்டும் சில நிமிடப் பாடத்தில் பழகும் பயிற்சி) வெறும் சடங்காகிவிட்டது. மாணவ ஆசிரியர்கள் ஏதோ நடித்துவிட்டுப் போகிறார்கள். இதை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். எங்கே பழுது என்று பாருங்கள். 1963-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடன் இருந்தவர்களும் இதைத் தொடங்கியபோது அதன் உயிரே மறுகற்பித்தலில்தான் இருந்தது. சில நிமிடப் பாடம், உடனே பின்னூட்டம், திருத்திய திட்டம், மறுபடி அதே பாடம் வேறு பிள்ளைகளுக்கு. பல கல்லூரிகளில் பின்பற்றும் 36 நிமிடச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. நேரம் போதவில்லை என்று பெரும்பாலும் வெட்டப்படுவது கடைசி 24 நிமிடம். மிஞ்சுவது முதல் 12 நிமிடம், அதில் நடிப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. எல்லோருக்கும் ஆறு திறன் என்று அரைகுறையாக ஓட்டுவதைவிட, மூன்று திறனை முழுச் சுற்றாக முடிப்பது மேல்.

இரண்டாவது பழுது, கூடப் படிப்பவர்களே பிள்ளைகளாக உட்காருவது. அவர்களுக்கு விடை தெரியும், அதனால் கேள்வி கேட்கும் திறனைச் சோதிக்கவே முடியாது. நிஜப் பிள்ளைகள் ஐந்து பேராவது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒவ்வொரு 'பிள்ளை'க்கும் ஒரு சீட்டில் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தை எழுதிக் கொடுத்து, அதிலிருந்து மாறாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள். மேலே சொன்ன தசமக் குழப்பம் அப்படி ஒரு சீட்டுக்குப் பொருத்தம்.

மூன்றாவது, பின்னூட்டம். "நன்றாக இருந்தது, குரல் மட்டும் கொஞ்சம் உயரட்டும்" என்பதை வைத்துக்கொண்டு ஒருவர் எதை மாற்றுவார்? எண்ணிச் சொல்லுங்கள். கேள்விக்குப் பின் காத்திருக்கும் நேரம்தான் தொடங்குவதற்கு மிகச் சுலபமான இடம். 1970-களில் மேரி பட் ரோ வகுப்பு ஒலிப்பதிவுகளை அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, கூப்பிடாத பிள்ளைகளும் பேசினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. அவர் சொன்ன காத்திருப்பு இரண்டு இடத்தில் உண்டு: கேள்விக்குப் பின்பும், பிள்ளை பதிலை நிறுத்திய பின்பும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

செய்முறை இதுதான். கைபேசியில் ஆறு நிமிடத்தைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு கேள்வியின் கடைசிச் சொல்லிலிருந்து அடுத்த ஒலி வரை எத்தனை நொடி என்று மாணவ ஆசிரியரே குறிக்கட்டும். "11 கேள்வி கேட்டீர்கள். 8-ல் ஒரு நொடிக்குள் நீங்களே மறுபடி பேசினீர்கள். மிச்சம் 3-ல் காத்திருந்தீர்கள். அந்த மூன்றுக்குத்தான் முழு வாக்கியத்தில் பதில் வந்தது." இப்படி ஒரு குறிப்பு கையில் இருந்தால் 12 நிமிட மறுதிட்டத்தில் செய்வதற்கு வேலை இருக்கும். ஒரு எச்சரிக்கை: 7 × 8 எவ்வளவு என்ற வகைக் கேள்விக்கு மூன்று நொடி காத்திருப்பது வகுப்பைத் தூங்க வைக்கும். காத்திருப்பு சிந்திக்க வைக்கும் கேள்விக்கு.

ஆய்வில் ஒரு பள்ளியின் இரண்டு பிரிவுகளை எடுத்தேன். 30 பேருக்குப் புதிய முறை, 30 பேருக்கு வழக்கமான முறை. இரு குழுவின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட்டில் வேறுபாடு பொருளுடையதாக, அதாவது தற்செயல் என்று தள்ள முடியாததாக, வந்தது. ஆனால் மதிப்பீட்டாளர் "இந்த முடிவை ஏற்க முடியாது" என்கிறார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

கணக்கு சரி. எண்ணிக்கை தவறு. நீங்கள் 60 பேரை வைத்து ஆய்வு செய்ததாக நினைக்கிறீர்கள். மதிப்பீட்டாளர் கண்ணுக்கு அது இரண்டு வகுப்புகளை வைத்துச் செய்த ஆய்வு. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. வேறுபாடு புதிய முறையால் வந்ததா, அந்தப் பிரிவின் ஆசிரியரால் வந்ததா, அந்தப் பிரிவு காலை நேரத்தில் படித்ததால் வந்ததா என்று பிரிக்க எந்தப் புள்ளியியலாலும் முடியாது. முன்தேர்வு மதிப்பெண்ணைச் சேர்த்துச் சரிசெய்தாலும் இது தீராது. பிள்ளைகளின் தொடக்க நிலையைத்தான் அது சரிசெய்யும், ஆசிரியரை அல்ல.

கூடுதல் வகுப்புகளை எடுத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரைப் போல ஒருவர் ஆகிவிடுகிறார்கள். ஒரே ஆசிரியர், ஒரே வேகம், ஒரே சூழல். மொத்த மதிப்பெண் வேறுபாட்டில் வகுப்புகளுக்கு இடையிலான பங்கு எவ்வளவு என்பதை ஒரு எண்ணால் சொல்வார்கள். பள்ளித் தேர்வு மதிப்பெண்களில் அது 0.2 வரை இருப்பது அரிதல்ல. வாய்பாடு எளிது: ஒரு வகுப்பின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அந்த எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 30 பேர் வகுப்புக்கு 29 × 0.2 + 1, அதாவது 6.8. உங்கள் மாதிரியை இதால் வகுக்க வேண்டும். 20 வகுப்பில் 600 பேரைச் சோதித்தவருக்கும் உண்மையில் கையில் இருப்பது சுமார் 88 பேர் அளவுக்கான தகவல்தான்.

தொடங்குவதற்கு முன் திட்டமிடுவதற்கும் இதே கணக்கு. விளைவளவு 0.5 (இரு குழுவின் சராசரி வேறுபாடு மதிப்பெண்களின் திட்டவிலக்கத்தில் பாதி) என்று எதிர்பார்த்து, 5 சதவீதப் பொருளுடைமை நிலையில் 80 சதவீத வாய்ப்போடு அதைக் கண்டுபிடிக்க, தனித்தனி ஆட்களாகக் குலுக்கிப் பிரித்தால் குழுவுக்கு 64 பேர் போதும், ஆக 128. வகுப்பு வகுப்பாகப் பிரித்தால் 128 × 6.8, கிட்டத்தட்ட 870 பேர், அதாவது பக்கத்துக்கு 15 வகுப்பு. நல்ல முன்தேர்வு மதிப்பெண் இருந்தால் இது கணிசமாகக் குறையும். ஆனாலும் தனி ஒருவர் மூன்று வருடத்தில் செய்கிற வேலை அல்ல இது.

அப்படியானால் தனி ஆய்வாளர் என்ன செய்வது? வகுப்புகளை ஒப்பிடுவதை விட்டுவிட்டு வகுப்புக்குள்ளேயே பிரியுங்கள். ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஒரு வகைப் பயிற்சித்தாள், மறுபாதிக்கு இன்னொரு வகை. அடுத்த பாடத்தில் இரு பாதியையும் மாற்றிவிடுங்கள். யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை என்பதால் பள்ளியும் சம்மதிக்கும். தாள் கைமாறினால் ஒப்பீடு கெடும் என்பது இதன் பலவீனம்; இரண்டு வகைத் தாளும் வெளியில் பார்க்க ஒன்றுபோல இருக்கட்டும், பக்க அளவு உட்பட.

பின்தேர்வு எப்போது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இதை ஆய்வேடுகளில் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிறார்கள். 2006-ல் ரோடிகரும் கார்பிகியும் செய்த சோதனை ஒன்றில், ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். படித்ததை ஒருமுறை தாமே எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. அன்றே தேர்வு வைத்து முடித்திருந்தால் நேர் எதிர் முடிவை எழுதியிருப்பார்கள். உங்கள் ஆய்விலும் பாடம் முடிந்த மறுநாள்தான் பின்தேர்வு நடந்ததென்றால், குறைந்தது மூன்று வாரம் தள்ளி இன்னொன்று வையுங்கள்.

இப்போது கையிலிருக்கும் ஆய்வேட்டைக் குப்பையில் போட வேண்டியதில்லை. "புதிய முறை சிறந்தது" என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அந்த 30 பிள்ளைகளின் விடைத்தாள்களில் எந்த வகைப் பிழை குறைந்தது, எது குறையவே இல்லை என்று பிரித்து எழுதுங்கள். அது வகுப்பறையை நெருங்கிப் பார்த்த ஆய்வாக நிற்கும். பலமுறை அதுதான் படிப்பவருக்கும் பயன்படுகிறது.

என் வினாப்பட்டியலில் 40 கூற்றுகள். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா 0.94. நம்பகத்தன்மை பிரமாதம் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். 1951-ல் லீ கிரோன்பாக் எழுதிய கட்டுரையால் பரவிய அந்த எண், கூற்றுகள் கூடக் கூடத் தானாக ஏறும். கூற்றுகளுக்கு இடையே சராசரித் தொடர்பு வெறும் 0.3 என்று வைத்துக்கொள்வோம். 5 கூற்றுக்கு ஆல்ஃபா 0.68, 20-க்கு 0.90, 40-க்கு 0.94. ஆக உங்கள் 0.94 சாதாரணத் தொடர்புள்ள நீண்ட பட்டியலைத்தான் காட்டுகிறது. எல்லாக் கூற்றும் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்பதற்கும் அது சாட்சி அல்ல; அதற்கு, எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன என்று பிரித்துப் பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். அதை வேறொரு குழுவிடம் திரட்டிய தரவில் செய்வது உத்தமம்.

எண்ணைவிட எங்களுக்குக் கவலை தருவது கூற்றுகளின் மொழி. ஆங்கிலத்திலிருந்து வரும் பட்டியல்களில் இப்படி ஒன்று இருக்கும்: "தேர்வு நாளில் எனக்குப் படபடப்பு இருப்பதில்லை." அதற்குரிய விடைகளில் ஒன்று "ஒருபோதும் இல்லை". படபடப்பே இல்லாத பிள்ளை எதில் குறியிடும்? "இருப்பதில்லை" என்பதற்கு "ஒருபோதும் இல்லை" என்று தலையாட்டுவது பேச்சில் ஆமோதிப்பு. மதிப்பெண் தாளில் அது எதிர்ப்பதம். அந்தப் பிள்ளை படபடப்பு மிகுந்தவராகப் பதிவாகிவிடுவார். இப்படி நாலைந்து கூற்று இருந்தால் எதிர்மறைக் கூற்றுகள் மட்டும் சேர்ந்து தனிக் காரணியாகப் பிரிந்து நிற்கும். ஆய்வாளர் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார்.

தீர்வு செலவில்லாதது. பட்டியலைப் பெரிய மாதிரிக்குக் கொடுப்பதற்கு முன் எட்டு பத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, கூற்றை வாசிக்கச் சொல்லி, "இது என்ன கேட்கிறது, உன் வார்த்தையில் சொல்லு" என்று கேளுங்கள். மூன்று பேர் தடுக்கிய கூற்றை மாற்றுங்கள். "ஆசிரியர் அன்பாகவும் தெளிவாகவும் பேசுகிறார்" போன்ற இரட்டைக் கூற்றுகளையும் அப்போதே உடைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பை வேறொருவரிடம் கொடுத்து மூலமொழிக்குத் திருப்பிப் பார்ப்பது அவசியம், ஆனால் பிள்ளைக்குப் புரிகிறதா என்பதை அது சொல்லாது. 40 கூற்று 18 ஆகி, ஆல்ஃபா 0.87-க்கு இறங்கினாலும் உங்கள் கருவி மேம்பட்டிருக்கும்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்ற கற்றல் பாணிகளைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். நடத்தலாமா?

உண்மை என்று நடத்த வேண்டாம். ஒரு பாணிக்காரருக்கு ஒரு முறை உதவ வேண்டும், அதே முறை இன்னொரு பாணிக்காரருக்கு உதவாமல் மற்ற முறை உதவ வேண்டும். இந்தக் குறுக்கு விளைவு தெரிந்தால்தான் கொள்கை நிற்கும். 2008-ல் பாஷ்லரும் மூன்று சக ஆய்வாளர்களும் இருக்கும் ஆய்வுகளை அலசியபோது அதற்குப் போதுமான சான்று கிடைக்கவில்லை. பாடத்திட்டத்தில் இருப்பதால் ஒரு வகுப்பு ஒதுக்கி, இந்தக் கொள்கையைச் சோதிக்க எப்படிப்பட்ட ஆய்வு வேண்டும் என்று மாணவ ஆசிரியர்களையே வரையச் சொல்லுங்கள். தேர்வுக் கேள்விக்கும் அது விடையாகும்.

கற்பித்தல் பயிற்சி மேற்பார்வைக்குப் போகிறேன். 40 நிமிடம் உட்கார்ந்து எதைக் குறிப்பது?

பெயரடை ஒன்றுகூட எழுதாதீர்கள். ஓரத்தில் நேரம், நடுவில் சொன்னதும் செய்ததும். "10.07, கேள்வி. மூன்றாம் வரிசை கை தூக்கியது. முன்வரிசையைக் கூப்பிட்டார்." பின்னால் உட்காரும் வழக்கத்தை மாற்றிப் பக்கவாட்டில் உட்காருங்கள், பிள்ளைகளின் முகமும் நோட்டும் தெரியும். ஒழுங்கைப் பற்றி ஒரு வார்த்தை: ஜேக்கப் கூனின் 1970-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக வகுப்பை நடத்துபவரையும் திணறுபவரையும் பிரித்தது கண்டிக்கும் விதம் அல்ல. அறை முழுக்க நடப்பதை அறிந்திருப்பது, இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கலில்லாமல் நகர்வது, இவைதான் பிரித்தன. "இன்னும் கண்டிப்பாக இருங்கள்" என்று எழுதிவிட்டு வருவது அதனால் பயனற்ற அறிவுரை. சலசலப்பு எந்த மாற்றத்தின்போது தொடங்கியது என்று நேரத்தோடு குறித்துக் கொடுங்கள்.

வகுப்பு முடிந்ததும் உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறார் என்று 1975-ல் டான் லோர்ட்டி கணக்குக் காட்டினார். பார்த்த பழக்கம் ஆழம். மாணவ ஆசிரியரின் கண் எப்போதும் தன்மீதே இருக்கும். அதை நோட்டுப் பக்கம் திருப்புவதுதான் உங்கள் வேலை.

ஆய்வுக்காகவும் கவனிப்பதானால் இன்னொருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள், ஒத்துப்போன சதவீதத்தோடு நிற்காதீர்கள். இருவருமே 80 சதவீத நேரத்தை "ஆசிரியர் பேச்சு" என்று குறித்தால், தற்செயலாகவே 68 சதவீதம் ஒத்துப்போகும். அப்போது 80 சதவீத ஒப்புதலுக்குக் தற்செயல் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கும் அளவான கோஹனின் கப்பா 0.375 மட்டுமே. அதை வைத்துக் கட்டுரை எழுத முடியாது, மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும்.

நான் பாடம் நடத்தும் மாணவ ஆசிரியர்களிடமே தரவு சேகரிக்கலாமா?

சேகரிக்கலாம், நீங்கள் நேரடியாக அல்ல. மதிப்பெண் போடுபவர் கேட்டால் மறுக்க யாருக்கும் துணிச்சல் வராது. சம்மதப் படிவத்தை வேறொரு துறையைச் சேர்ந்தவர் கொடுத்து வாங்கட்டும். யார் சம்மதித்தார்கள் என்பது மதிப்பெண் வெளியாகும்வரை உங்களுக்குத் தெரியக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து ஒன்று, பிள்ளையின் விருப்பம் இன்னொன்று, இரண்டும் தனித்தனி. நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு எடுப்பதற்கு முன்னால் வர வேண்டும். பின்தேதியிட்டு வாங்க வழியில்லை.

கட்டுரையைத் திருத்தி அனுப்பச் சொல்லி ஆய்விதழிலிருந்து மூன்று மதிப்பீடுகள் வந்திருக்கின்றன. ஒன்று மிகக் கடுமையானது. வேறு இதழுக்கு அனுப்பிவிடலாமா?

திருத்தச் சொன்னால் அது நல்ல செய்தி. இரண்டு நாள் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு அட்டவணை போடுங்கள்: முதல் கட்டத்தில் மதிப்பீட்டாளரின் வாக்கியம் அப்படியே, இரண்டாவதில் நீங்கள் செய்த மாற்றம், மூன்றாவதில் பக்கமும் வரியும். ஒப்புக்கொள்ள முடியாததற்கு மறுப்பு எழுதலாம், ஆனால் காரணத்தோடும் சான்றோடும். கடுமையானவர் "பயிற்சியின் விவரம் போதாது" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அவர் சொல்வது சரி. எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், யார் நடத்தினார், திட்டப்படி நடந்ததா என்று எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பது இல்லாத கட்டுரையை வேறு யாரும் திருப்பிச் செய்து பார்க்க முடியாது. ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு ஒரே சமயத்தில் அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. பணம் கேட்டு, ஒரு வாரத்தில் ஏற்பு உறுதி என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் தொடாதீர்கள். எந்த ஆய்விதழ்ப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது என்பதை இதழின் தளத்தில் பார்க்காமல், அந்தப் பட்டியலின் தளத்திலேயே தேடிப் பாருங்கள்.

நேர்காணலில் 15 நிமிட மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கல்வி உளவியலில் எந்தத் தலைப்பு நல்லது?

கோட்பாட்டாளர்களின் வரலாறு வேண்டாம். தேர்வுக் குழுவுக்கு அது மனப்பாடம். நினைவுக்குக் கொண்டுவரும் பயிற்சி போன்ற ஒரே கருத்தை எடுத்து, வந்திருப்பவர்களையே செய்ய வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒரு சிறு பத்தி வாசிப்பு. அடுத்த இரண்டு நிமிடம், பாதிப் பேர் மறுவாசிப்பு, பாதிப் பேர் தாளைக் கவிழ்த்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. இப்போது யார் அதிகம் நினைவில் வைத்திருப்பதாக நம்புகிறீர்கள் என்று கேளுங்கள். மறுவாசிப்புச் செய்தவர்கள் கூடுதல் நம்பிக்கையோடு கை தூக்குவது வழக்கம். அந்த நம்பிக்கைக்கும் ஒரு வாரம் கழித்து வரும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் மிச்சப் பாடம். கடைசி மூன்று நிமிடத்தை, இதைப் பள்ளியில் எந்தப் பாடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு வையுங்கள். கேட்டுவிட்டு மூன்று நொடி காத்திருங்கள், குழு அதைக் கவனிக்கும். பத்தியை 12 பிரதி எடுத்துப் போங்கள், திரையை நம்பி இருக்காதீர்கள்.